ஆஸ்துமா மருந்துச் செலவு: பணம் எங்கே போகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு கோரிக்கை அடிக்கடி காதில் விழும். இழுப்புக்கு நாலு வேளை மாத்திரை வேண்டும் என்று கேட்பார்கள். கடைக்காரர் மூன்று அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, பழுப்புக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று சட்டைப் பொத்தானில் பாதி அளவு. அந்தக் குட்டி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. சட்டப்படி சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள்தாம் இவை. ஆனாலும் சீட்டு கேட்கப்படுவதில்லை, இருபது முப்பது ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்திலேயே கண்ணாடி அலமாரியில் இன்ஹேலர் இருக்கும். அதை வாங்க வேண்டுமானால் ஒரே மூச்சில் நானூறு, ஐந்நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்.

அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் முப்பது ரூபாய் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் எந்த அறியாமையும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்த முப்பது ரூபாய் வருடக் கடைசியில் எவ்வளவாக வளர்ந்து நிற்கிறது என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். முப்பது வருடத் தவிட்டுத் தூசி அவருக்கு இளைப்பைக் கொடுத்தது. அந்த வேலை கொடுத்த இன்னொரு பழக்கம், செலவு எதுவானாலும் நீள நோட்டில் எழுதி வைப்பது. சில வருடங்களுக்கு முன்பு அவருடைய நோட்டை எடுத்து, மூச்சுத் திணறலுக்காக ஒரே ஆண்டில் செலவானதைத் தனியாகப் பிரித்துக் கூட்டினேன். உதிரி மாத்திரைகளும் இருமல் மருந்தும் 4,300 ரூபாய். தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினொரு முறை, மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் வைத்துக்கொண்டது, டாக்டர் கட்டணத்தோடு 4,950 ரூபாய். நள்ளிரவில் மூச்சு முட்டி மூன்று நாள் படுக்கையில் இருந்தது 26,400 ரூபாய். ஆட்டோ வாடகை 2,100. மொத்தம் 37,750 ரூபாய். அந்த வருடம் முழுவதும் அவர் ஒரு தடுப்பு இன்ஹேலர்கூட வாங்கியிருக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, அது ரொம்ப விலை என்றார்.

மறு வருடம் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரின் சொற்படி நடந்தார். தடுப்பு இன்ஹேலர் பன்னிரண்டு, நிவாரண இன்ஹேலர் இரண்டு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழல் ஒன்று, டாக்டரிடம் நான்கு முறை போய்வந்தது என எல்லாம் சேர்த்து 7,690 ரூபாய். அட்மிஷன் இல்லை. ஒருவர் வீட்டுக் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பணம் ஓட்டையாகும் இடம் பெரும்பாலான வீடுகளில் இதுதான்.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும்போது அதைத் தளர்த்துவது ஒரு வகை. நிவாரண இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் இதில் சேரும். பொதுவாக நீல நிறப் பம்பில் வரும் இந்த மருந்து, சில நிமிடங்களிலேயே சுகம் கொடுக்கும். இன்னொரு வகை, மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அடக்குவது. புடசோனைடு, ஃப்ளூடிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள் இந்த வகை, தடுப்பு இன்ஹேலரில் இருப்பவை. இவற்றை இழுத்த கையோடு எந்த மாற்றமும் தெரியாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் வீக்கம் வடியும். நோயின் வேர் அந்த வீக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு உடனே பலன் கண்ணில் தெரிய வேண்டும் அல்லவா? தெரியாத மருந்தை முதலில் நிறுத்துகிறார்கள். தெரிகிற மருந்தை மேலும் மேலும் வாங்குகிறார்கள். ஆஸ்துமாச் செலவின் கதை முழுவதும் இந்த ஒரு மாறாட்டத்தில் அடங்கிவிடுகிறது.

மாத்திரைக்கும் பம்புக்கும் உள்ள அளவு வித்தியாசத்தைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம் மருந்து. பம்பை இரண்டு முறை அழுத்தினால் 200 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவே போதுமானதாகிறது. மாத்திரையோ வயிறு, ரத்தம் என்று உடல் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் மார்புக்கு வருகிறது. வழியில் இதயத்தைப் படபடக்க வைக்கிறது, கையை நடுங்க வைக்கிறது. அப்பாவின் நோட்டில் மாத்திரை போட்ட நாட்களை நான் தேதி பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன். அச்சுக் கோத்தது போன்ற அவருடைய எழுத்து அந்தப் பக்கங்களில் மட்டும் கோணலாக அலைந்திருக்கும்.

அந்தக் குட்டி மாத்திரையின் கணக்கு இன்னும் கொடியது. கடுமையான தாக்குதலின்போது டாக்டர் சொல்லும் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும். அதையே மாதத்துக்கு இரண்டு தடவை கடையில் வாங்கி விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். பத்து வருடம் கழித்து வரும் அந்தச் செலவு எந்த நோட்டிலும் ஆஸ்துமா என்ற தலைப்பில் எழுதப்படுவதில்லை.

"பம்ப் போட்டால் பழகிவிடும், அது கடைசிக் கட்டத்துக்கு" என்ற பேச்சு இதற்கெல்லாம் துணை நிற்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அடிமைப்படுத்தும் மருந்து அல்ல. மூக்குக் கண்ணாடிக்குப் பழகிவிடுவோம் என்று பயந்து யாராவது அதைப் போடாமல் இருக்கிறார்களா?

இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக உலக நோய்ச் சுமை ஆய்வின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஆஸ்துமா மரணங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் இங்கேதான். உலகிலேயே இன்ஹேலர் மிக மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் ஒன்றில் இப்படி நடக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மலிவுக்குக் காரணம் உண்டு. கையடக்க இன்ஹேலர் பிறந்தது அமெரிக்காவில், 1956-இல். ரைக்கர் என்ற மருந்து நிறுவனத் தலைவரின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பா மாதிரி என் மருந்தையும் ஏன் அடைத்துத் தரக் கூடாது என்று அவள் கேட்டதில் பிறந்த யோசனை அது. சால்புட்டமால் 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1972-இல் உள்ளிழுக்கும் பெக்லோமெத்தசோன் வந்தது. அதே 1972-இல்தான் இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அந்தச் சட்டம். வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்கத் தெரிந்த இந்தியக் கம்பெனிகள் களத்தில் இறங்கின. 2005-இல் சட்டம் திருத்தப்படுவதற்குள் இங்கே இன்ஹேலர் தொழில் வேரூன்றிவிட்டது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் விற்பதால் விலை ஓரளவுக்கு மேல் ஏற முடியவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஓசோன் படலத்தைக் காக்க, குளோரோஃப்ளோரோகார்பன் வாயு அடைத்த சால்புட்டமால் இன்ஹேலர்கள் அங்கே 2008 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டன. புது வாயு, புது டப்பா, அதற்குப் புதுக் காப்புரிமை. மருந்து அதே பழைய மருந்துதான், ஆனால் காப்புரிமை முடிந்த மருந்தைப் பல கம்பெனிகள் தயாரித்து விற்ற மலிவான ஜெனரிக் பம்புகள் ஒரே நாளில் சந்தையை விட்டுப் போயின. 2024 ஜனவரியில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான குழு இன்ஹேலர் விற்கும் நான்கு பெரிய நிறுவனங்களை விசாரிக்கத் தொடங்கியபோது அது வெளியிட்ட கணக்கு திகைக்க வைப்பது. காம்பிவென்ட் ரெஸ்பிமாட் என்ற இன்ஹேலர் அமெரிக்காவில் 489 டாலர், பிரான்சில் 7 டாலர். அந்த மார்ச் மாதமே மூன்று நிறுவனங்கள், நோயாளி தன் கையிலிருந்து கொடுப்பது மாதம் 35 டாலரைத் தாண்டாது என்று அறிவித்தன. பேரப்பிள்ளையைப் பார்க்க நியூஜெர்சிக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்களின் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கான இன்ஹேலரும் சீட்டும் இருப்பது இதனால்தான்.

நம் ஊரில் விலைக்குக் கடிவாளம் போடுவது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு அது உச்சவரம்பு விலை வைக்கும். 2022 செப்டம்பரில் வெளியான பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. சால்புட்டமால், புடசோனைடு, புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த கலவை ஆகியவை அதில் இருக்கின்றன. உச்சவரம்பு எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தயாரிக்க ஆகும் செலவை வைத்து அல்ல. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு எந்த விலையில் கொடுக்கின்றன என்று பார்த்து, அதன் சராசரியோடு 16 சதவீதம் கடை லாபம் சேர்ப்பார்கள். விலை உயர்ந்த பிராண்டுகள் கூடுதலாக இருந்தால் சராசரியும் உயரும். பட்டியலில் இல்லாத மருந்து என்றால் கம்பெனி வருடத்துக்கு 10 சதவீதம் வரை விலையேற்றிக்கொள்ளலாம்.

கடிவாளம் தளர்ந்த நேரமும் உண்டு. 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் உச்சவரம்பை ஆணையம் 50 சதவீதம் உயர்த்தியது. சால்புட்டமால் மாத்திரையும் நெபுலைசருக்கான சால்புட்டமால் கரைசலும் அதில் இருந்தன. இவ்வளவு குறைந்த விலைக்குத் தயாரித்தால் கட்டுப்படியாகாது, கம்பெனிகள் நிறுத்திவிட்டால் மருந்தே கிடைக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகள் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய பில் இருந்தால் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி வீட்டளவில் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். மருந்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது எல்லாம் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை. ஆனால் பேச்சை நாம்தான் தொடங்க வேண்டும். "இதில் எது கட்டாயம், எது இல்லாமலும் சமாளிக்கலாம்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க நாம் ஏனோ கூச்சப்படுகிறோம். கேட்டுப் பாருங்கள், பல டாக்டர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். அப்பாவின் சீட்டில் ஐந்து வரி இருந்தது. கேட்ட பிறகு இரண்டாகிவிட்டது. போனவை: ஒரு இருமல் சிரப், ஒரு சத்து மாத்திரை, மான்டெலுகாஸ்ட் சேர்ந்த அலர்ஜி மாத்திரை.

இந்த மான்டெலுகாஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சளி, தும்மல், வீசிங் எதற்கும் எழுதப்படும் மாத்திரையாக இது ஆகிவிட்டது. சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு இது ஈடாகாது. தூக்கக் குலைவு, மனச்சோர்வு போன்ற விளைவுகள் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் கட்டம் கட்டிய கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. இன்ஹேலரையும் இதையும் சேர்த்து வாங்கக் காசு பற்றாதபோது இன்ஹேலரை விட்டுவிட்டு மாத்திரையை வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். விட வேண்டியது எது என்று டாக்டரைக் கேட்டிருந்தால் விடை தலைகீழாக வந்திருக்கும்.

அடுத்த கேள்வி, இரண்டு பம்புக்குப் பதில் ஒன்று போதுமா என்பது. புடசோனைடு, ஃபார்மோட்டெரால் கலவையில் ஃபார்மோட்டெராலும் சில நிமிடங்களில் வேலை செய்யும். அதனால் இந்த ஒரே இன்ஹேலரைத் தினசரித் தடுப்புக்கும் திணறும் நேரத்துக்கும் பயன்படுத்தும் முறை உண்டு. லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது மட்டும் இதை இழுப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பு, நீல பம்பை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று 2019-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. இந்தக் கலவை இந்தியாவில் பல கம்பெனிகளால் தயாரிக்கப்படுகிறது, உச்சவரம்பும் உண்டு. ஆனால் கலவை என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் இப்படி இழுக்க முடியாது. சால்மெட்டெரால் சேர்ந்தது மெதுவாக வேலை செய்வது, திணறும் நேரத்துக்கு அது உதவாது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. 120 முறை அழுத்தக்கூடிய பம்பைக் காலை இரண்டு, இரவு இரண்டு என இழுத்தால் 30 நாள் வரும். 450 ரூபாய் என்றால் நாளுக்கு 15 ரூபாய், நம் ஊர் டீக்கடையில் ஒரு டீ. நோய் கட்டுக்குள் வந்து மூன்று மாதம் ஆனதும் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். வேளைக்கு ஒன்று போதும் என்று சொன்னால் அதே பம்ப் 60 நாள் ஓடும். மொத்தமாக 450 ரூபாய் எடுக்க முடியாதவர்களுக்கு, பொடி அடைத்த கேப்ஸ்யூலைக் கருவியில் போட்டு இழுக்கும் முறை இருக்கிறது. அதன் கருவி ஒருமுறை வாங்கினால் போதும், கேப்ஸ்யூல் டப்பா சிறிய தொகையில் கிடைக்கும். ஆனால் வேகமாக உறிஞ்சும் பலம் வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தளர்ந்த முதியவருக்கும் அது ஒத்துவராது.

பிராண்டு மாற்றினால் எவ்வளவு மிச்சம்? இங்கே அவசரப்படக் கூடாது. மக்கள் மருந்தகம் என்று நாம் சொல்லும் மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் 2008-இல் தொடங்கி, 2025 தொடக்கத்தில் 15,000-ஐ எட்டின. பிராண்டு விலையைவிட 50 முதல் 80 சதவீதம் வரை குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் பக்கத்துக் கடையையும் மருந்தின் விலையையும் பார்க்கலாம். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-இல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மாத்திரைகள் எளிதில் கிடைக்கும், ஆனால் இன்ஹேலர் எல்லா நாளும் இருப்பில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பம்பில் பத்து நாள் மருந்து மிச்சமிருக்கும்போதே போன் செய்து கேட்டு, இல்லையென்றால் வரவழைக்கச் சொல்வது நல்லது.

சாதாரணக் கடைகளில் "ஜெனரிக்தான், சார்" என்று எடுத்துக் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில ஜெனரிக் மருந்துகளில் அச்சிட்ட விலை பிராண்டுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். கடைக்காரருக்கோ அது மிகக் குறைந்த விலையில் வந்திருக்கும். அதில் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்ததும் நாம் மகிழ்ந்து திரும்பிவிடுகிறோம். விலை ஆணையத்தின் ஃபார்மா சஹி தாம் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் உச்சவரம்பும் மற்ற பிராண்டுகளின் விலையும் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: மாத்திரையில் மருந்து மட்டும் மாறுகிறது, இன்ஹேலரில் கருவியும் மாறுகிறது. ஒரு கம்பெனி கேப்ஸ்யூல் இன்னொரு கம்பெனி கருவியில் சரியாக உட்காராமல் போகலாம். மாற்றினால் இழுக்கும் முறையைத் திரும்பவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இழுக்கும் முறை என்றதும் நினைவுக்கு வருவது, அப்பாவின் பம்பிலிருந்து வெண்புகை அவர் மீசைக்கு மேல் எழும்பிப் போனது. 15 ரூபாயில் பாதி காற்றில் கலந்தது. குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், உதட்டால் இறுகக் கவ்வி மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் நொடியில் அழுத்த வேண்டும், பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நன்றாக இழுத்தாலும் மருந்தில் சிறு பங்குதான் நுரையீரலுக்குப் போகும், மீதி தொண்டையில் ஒட்டும். நடுவில் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலைப் பொருத்தினால் நுரையீரலுக்குப் போகும் பங்கு கூடும், தொண்டையில் படிவது குறையும். சில நூறு ரூபாய்தான். அதற்கும் வழியில்லாத இடங்களுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு அது ஈடாக இருந்தது என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிராமத்துச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றின் சுவரிலும் இதன் படம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நெபுலைசர் மெஷின் வாங்கி வீட்டில் வைப்பதும் இப்போது பரவிவிட்டது. குழந்தைக்குப் புகை வைத்தால்தான் சரியாகும் என்ற எண்ணம் அவ்வளவு பலமானது. உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதல்களில் பம்பும் ஸ்பேசரும் நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்யும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் பல மாதத் தடுப்பு மருந்து வாங்கிவிடலாம். ஆனால் ஒரு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பாரித்தாலும், பம்ப் எடுத்தும் அடங்காவிட்டாலும் கணக்குப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காசே இல்லாமல் கிடைக்கும் வழிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இயங்குகிறது, அதன் கொள்முதல் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போயிருக்கின்றன. மாவட்ட அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பதிவு செய்து, இன்ஹேலர் கிடைக்குமா என்று வாய் விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு மாத்திரையோடு முடிந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத, இஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளியின் குடும்பத்துக்கு இஎஸ்ஐ மருந்தகத்தில் மருந்து இலவசம். திருப்பூரிலும் கோவையிலும் பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவர்களில் பலர் பிடித்தம் கொடுத்துக்கொண்டே வெளியில் காசு கொடுத்து மருந்து வாங்குகிறார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் படுக்கைச் சிகிச்சைக்குத்தான், மாதாமாதம் வாங்கும் பம்புக்கு அல்ல. தனியார் காப்பீடுகளில் பெரும்பாலானவையும் அப்படியே.

சீட்டு எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களுக்கும் அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. புடசோனைடு பம்பும் அதே பையில் வந்தால் எத்தனை நள்ளிரவு ஆட்டோக்கள் மிச்சமாகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வீட்டில் ஒவ்வொருவரும் எண்ண வேண்டிய ஒரு எண் இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை நீல பம்ப் காலியாகிறது? மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டை எட்டினால் மரண வாய்ப்பே கூடுகிறது என்கிறது ஜீனா. பிரிட்டனில் 2014-இல் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த குழு, இறக்கும் காலத்தில் நிவாரண பம்ப் பயன்படுத்திவந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட பம்புகள் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்ததைக் கண்டது. யாரோ ஒருவர் எண்ணியிருந்தால் போதும்.

எண்ணிக்கையைக் கூட்டுகிற பொருள்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நுண்துகளை வெளிவிடுகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதை அணைத்துவிட்டுக் கொசுவலை கட்டியதில் அப்பாவின் இரவு இருமல் பாதி குறைந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை விட அவருக்கு மனம் வரவில்லை. கொல்லையில் போட்டுக்கொள்கிறார்.

பம்பை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, சமையலறை அலமாரியில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கினோம். புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு டப்பாவின் மேலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுவது அவரே கண்டுபிடித்த முறை. நேற்று எடுத்துப் பார்த்தேன். தடுப்பு பம்பில் இந்த மாதத் தேதி. நீல பம்பில் ஏப்ரல் 14 என்று எழுதியிருந்தது, நடுங்காத கையால். மார்கழிப் பனி தொடங்கிவிட்டது, அதன் எண்காட்டியில் இன்னும் 118 மிச்சம் இருக்கிறது.